மண்வெட்டியா, உண்ணாவிரதமா?

ஆற்றைக் காக்க ராஜேந்திர சிங் மண்வெட்டியை எடுத்தார், ஜி.டி. அகர்வால் உண்ணாவிரதம் இருந்தார்.

1985இல் ராஜஸ்தானின் அல்வர் பகுதிக்குப் போன சிங், ஊர்ப் பெரியவர் சொல்கேட்டு ஜோஹட் அமைக்கத் தொடங்கினார். பிறை வடிவ மண்கரை அது. மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும். ஊர்மக்களும் சேர்ந்து உழைக்க, வறண்டு கிடந்த அர்வரி ஆறு மீண்டும் ஓடியது. அதைப் பேண ஆற்றங்கரைக் கிராமங்கள் தங்களுக்கென ஒரு நாடாளுமன்றமே அமைத்தன. என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

அகர்வால் கான்பூர் ஐஐடி பேராசிரியராக இருந்தவர். அவரது போராட்டத்தால் 2010இல், கங்கையின் மூல ஆறான பாகீரதியின் லோஹாரிநாக் பாலா நீர்மின் திட்டம் கைவிடப்பட்டது. 2018இல், 111 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் உயிர்நீத்தார்.

பாதி எழுந்த அணையை மண்வெட்டி நிறுத்தாது. அங்கே அகர்வால்தான் வேண்டும். ஆனால் இப்பணிக்குப் புதிதாக வரும் இளைஞருக்குச் சிங்கின் வழியையே சொல்வேன். அதில் ஊரே உடன் நிற்கும். உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.