ஒப்பந்தச் சாகுபடியா, கூட்டுறவா?

சிறு விவசாயிக்கு ஒரு தடவை நல்ல விலை கிடைப்பது அதிசயமில்லை. அடுத்த வருடமும் அதே வாங்குபவர் வருவாரா என்பதுதான் கேள்வி.

ஒப்பந்தச் சாகுபடியில், விளைச்சலை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நிறுவனமே விதை, உரம் எல்லாம் கடனாகத் தந்து, அறுவடைப் பணத்தில் கழித்துக்கொள்ளும். கையில் முதல் இல்லாதவருக்கு இது வேகமான வழி. ஏற்றுமதிக் காய்கறிக்கு வேண்டிய பூச்சிமருந்து எச்சப் பரிசோதனையைத் தனி ஆளாக யார் செய்ய முடியும்? சிக்கல் வருவது தரம் பிரிக்கும் இடத்தில். சந்தை விலை சரிந்த வாரமாகப் பார்த்து, பீன்ஸ் வளைந்திருக்கிறது, நிறம் போதாது என்று கூடையில் பாதியைக் கழித்துவிடுவார்கள். விலை ஏறினால் விவசாயியும் சத்தமில்லாமல் வெளியே விற்றுவிடுகிறார், அதையும் சொல்ல வேண்டும்.

கூட்டுறவு மெதுவானது. தேர்தல், கணக்குத் தகராறு, கோஷ்டி எல்லாம் உண்டு. ஆனால் தராசு விவசாயிகளுடையது. கென்யாவின் தேயிலை மேம்பாட்டு முகமையும் கூட்டுறவுக்கு நெருங்கிய ஏற்பாடுதான். 1964-இல் அரசு அமைப்பாகத் தொடங்கி, 2000-இல் தனியார்மயமானபோது சிறு விவசாயிகளின் உடைமையானது. பறித்த இலைக்கு மாதாமாதம் ஒரு தொகை, ஆண்டு முடிவில் மிச்சப் பணம். நிர்வாகத்தின் மீது அங்கேயும் புகார்கள் உண்டு.

சீக்கிரம் அழுகும் காய்கறிக்கு ஒப்பந்தமே சரி. தரம் பிரிக்கும்போது விவசாயிகள் தரப்பில் ஒருவர் நிற்க வேண்டும் என்ற ஷரத்தோடு. தேயிலை, பால் போல வருடக்கணக்கில் தொடரும் தொழிலுக்கு என் ஓட்டு கூட்டுறவுக்குத்தான்.