ஐஸ் மேக்கர் இருந்த பொந்தில் எதை வைப்பது?

அமெரிக்காவில் பழைய மோட்டார் படகு வாங்கினால், பின்தளத்தில் ஒரு சின்ன சிங்க்கும் அதற்குக் கீழே ஒரு ஐஸ் மேக்கரும் கூடவே வருவது சகஜம். செசபீக் வளைகுடாவில் நாங்கள் வைத்திருக்கும் 34 அடிப் படகிலும் இருந்தது. இருபது வயதான பிறகு ஒரு கோடையில் அது ஐஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சத்தம் மட்டும் கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பொந்தில் எதை வைப்பது என்று ஒரு குளிர்காலம் முழுக்க டேப்பும் கையுமாகத் திரிந்தேன்.

முதலில் தோன்றுவது, போனதற்குப் பதிலாகப் புது ஐஸ் மேக்கரே வாங்கிவிடலாம் என்பதுதான். அளவு பொருந்தும், குழாய் இருக்கிறது, 115 வோல்ட் பிளக்கும் இருக்கிறது. அரை மணி நேர வேலை. நாளைக்குப் பத்துப் பதினோரு கிலோ ஐஸ் தரும். படகு எப்போதும் துறையில் கரை மின்சாரத்தோடு கட்டியே கிடக்கிறது, சனி ஞாயிறு வந்தால் எட்டுப் பேர் கூடுகிறார்கள் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதையே வாங்குங்கள்.

எங்கள் கதை வேறு. செயின்ட் மைக்கேல்ஸ் பக்கம் போய் நங்கூரம் போட்டுவிட்டு இரண்டு ராத்திரி தூங்குகிற ஆட்கள் நாங்கள். அங்கே ஐஸ் மேக்கருக்கு ஜெனரேட்டர் ஓட வேண்டும், இல்லையென்றால் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பத்து மணி நேரம் ஓடினால் 150 ஆம்பியர்-மணி. எங்களிடம் இருப்பது 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு. ஏஜிஎம் என்கிற மூடிய ஈய-அமில வகை என்பதால் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. விடிவதற்குள் கதை முடிந்துவிடும். அப்புறம் குளிர்காலத்துக்கு முன் அந்த மெல்லிய தண்ணீர்க் குழாயையும் வால்வையும் வடித்து, ரோஸ் நிற உறைதடுப்பு திரவம் ஓடவிடும் வேலை வேறு. அதை ஒரு வருஷம் மறந்தால் வால்வு வெடித்துவிடும்.

கடையில் 150, 200 டாலருக்குக் கிடைக்கிற ஹாஸ்டல் ஃப்ரிட்ஜை வைத்தால் என்ன? பக்கத்துப் படகுக்காரர் அதைத்தான் செய்தார். விலையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவுக்குக் காந்தப் பட்டை தவிரத் தாழ்ப்பாள் கிடையாது. பெரிய படகு ஒன்று அலை கிளப்பிக்கொண்டு பக்கத்தில் போனால் பால் பாட்டில் தளத்தில் உருளும். இந்த வகை ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை வெப்பத்தைப் பக்கச் சுவர் வழியாக வெளியேற்றுபவை. நாலு பக்கமும் பலகை அடைத்த பொந்தில் அது தன் சூட்டிலேயே வெந்துபோகும். இதற்கும் இன்வெர்ட்டர் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். அவருடையதன் கீல் மூன்றாவது கோடையில் துருப்பிடித்துக் கதவு கையோடு வந்துவிட்டது.

இழுப்பறை மாதிரி வெளியே வரும் படகு ஃப்ரிட்ஜும் உண்டு. திறந்தால் குளிர் கீழே கொட்டிப் போகாது என்பது உண்மையான நன்மை. விலையும் ஆழமும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. தூக்கிக்கொண்டு போகும் 12 வோல்ட் பெட்டி ஃப்ரிட்ஜ் இன்னொன்று: தச்சு வேலையே இல்லை, பொந்து அலமாரியாகிவிடும், ஆனால் தளத்தில் நடக்க இருக்கிற இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முடிவெடுக்க முடியாதவர்கள் ஒரு கோடைக்கு இதை வைத்துப் பார்க்கலாம்.

நான் எடுத்தது 12 வோல்ட், 115 வோல்ட் இரண்டிலும் ஓடும், முன்கதவு உள்ள படகு ஃப்ரிட்ஜ். அகலம் சுமார் 380 மி.மீ., கொள்ளளவு 45 லிட்டரை ஒட்டி. ஆயிரம் டாலரைத் தாண்டியது. உள்ளே பிடி35 கம்ப்ரசர். இதைச் செய்துவந்த கம்ப்ரசர் பிரிவை டென்மார்க் நிறுவனமான டான்ஃபாஸ் 2010-ல் விற்ற பிறகு பெயர் செகாப் ஆனது, ஆனால் படகுத்துறையில் எல்லோருக்கும் இன்னமும் டான்ஃபாஸ்தான். ஓடும்போது மூன்று நான்கு ஆம்பியர், அதுவும் விட்டு விட்டு. நாளைக்கு 30 முதல் 45 ஆம்பியர்-மணி. கரை மின்சாரம் செருகியதும் தானாக அதற்கு மாறிக்கொள்ளும். பழைய ஐஸ் மேக்கரின் பிளக் அதற்கு உதவியது.

அளவு பொருந்தியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பொந்துக்குள் 12 வோல்ட் ஒயர் கிடையாது. வீட்டில் மிச்சம் கிடந்த 2.5 சதுர மி.மீ. ஒயரை ஐந்து மீட்டர் இழுத்தேன். கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து நின்றது. எலக்ட்ரானிக் பெட்டியில் செருகியிருந்த குட்டி எல்இடி ஒரு முறை கண் சிமிட்டியது. ஒரு சிமிட்டல் என்றால் வோல்டேஜ் போதவில்லை என்று பொருள். பேட்டரி நிறைந்துதான் இருந்தது, ஒயரில்தான் கரைந்துகொண்டிருந்தது. தயாரிப்பாளர் பட்டியல்படி 2.5 சதுர மி.மீ. ஒயர் 2.5 மீட்டருக்குத்தான், 4-க்கு 4 மீட்டர், 6-க்கு 6 மீட்டர். வெள்ளீயம் பூசிய 6 சதுர மி.மீ. ஒயர் வாங்கி மறுபடி இழுத்தேன்.

ஜூலையில் அடுத்த தலைவலி. கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது, பிறகு எல்இடி ஐந்து சிமிட்டல்: சூடு தாங்கவில்லை. பொந்தில் வைக்கிற ஐஸ் மேக்கர் கீழே இருக்கும் முன்பக்கக் கம்பி வலை வழியாகவே காற்றை இழுத்து வெளியே விடும். அதனால் படகு கட்டியவர்கள் பின்பக்கத்தை அடைத்துவிட்டார்கள். ஃப்ரிட்ஜோ முதுகு வழியாக மூச்சுவிடுவது. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று பக்கத்துப் பெட்டகத்துக்குத் துளை வெட்டி வலை போட்டேன். அன்று மாலையே நின்று நின்று ஓட ஆரம்பித்தது. வாங்கப் போகிறவர்கள் அகலத்தை அளக்குமுன் பொந்துக்குள் கையை விட்டு, பின்னால் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பழைய தண்ணீர்க் குழாய் இன்னொன்று. அதன் முனையை மடித்து டேப் சுற்றிவிட்டுப் படுத்தேன். நடுராத்திரி மனைவி உலுக்கினார்: "என்னங்க, படகுல தண்ணி ஏறுதா?" படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் இல்லை. டேப் பிய்த்துக்கொண்டு எங்கள் குடிநீர்த் தொட்டிதான் அடிவயிற்றில் காலியாகிக்கொண்டிருந்தது. இப்போது அங்கே பித்தளை மூடி இருக்கிறது.

ஐஸுக்கு என்ன செய்கிறோம் என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் குட்டி ஃப்ரீசரில் இரண்டு தட்டு வைக்கலாம். படகு ஆடினால் பாதித் தண்ணீர் உறையுமுன் சிந்தும். அதனால் கிளம்பும்போது துறையிலேயே பத்துப் பவுண்டு மூட்டை ஒன்று வாங்கிக்கொள்கிறோம். ஒரு கிலோ ஐஸ் உருக 93 வாட்-மணி வெப்பம் வேண்டும். நாலரைக் கிலோ மூட்டை 400 வாட்-மணிக்கு மேல் சுமந்து வருகிறது. பானங்களை அந்த ஐஸ் பெட்டிக்குத் தள்ளிவிட்டால், ஃப்ரிட்ஜ் கதவை மீனுக்கும் தயிருக்கும் மட்டும் திறந்தால் போதும்.