பக்கம் போடக் கற்க எது நல்ல வழி: கல்லூரியா, டிடிபி மையமா, இரவு டெஸ்க்கா?

செய்தித்தாளில் உதவி ஆசிரியராகச் சேர ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: செய்தியைச் செப்பனிடவும் பக்கம் வடிவமைக்கவும் எங்கே கற்றுக்கொள்வது? தமிழ்நாட்டில் மூன்று வழிகள் உண்டு. இதழியல் படிப்பு, கணினியில் பக்கம் அமைக்கக் கற்றுத்தரும் டிடிபி மையம், அப்புறம் ஏதாவது ஒரு நாளிதழின் இரவு டெஸ்க், அதாவது வந்த செய்திகளைத் திருத்திப் பக்கம் போடும் பிரிவு. மூன்றிலும் இருந்து பார்த்தவன் என்பதால் என் கணக்கைச் சொல்கிறேன்.

கல்லூரியில் கிடைக்கும் பெரிய லாபம் சட்ட அறிவு. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டுமல்ல, ஊர், பள்ளி, குடும்பம் என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. செய்தியாளர் அவசரத்தில் பள்ளியின் பெயரைச் சேர்த்து அனுப்பிவிடுவார். அதைப் பிடிக்க வேண்டியது டெஸ்க். அவதூறு வழக்கு, நீதிமன்றச் செய்தி எழுதும் முறை எல்லாம் வகுப்பில் நிதானமாகப் படித்தால்தான் மனதில் தங்கும். ஆனால் வகுப்பில் பக்கம் போடும் பயிற்சி குறைவு. ஒரு பயிற்சி இதழை நாள் கணக்கில் அழகுபடுத்தலாம். டெஸ்க்கில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

டிடிபி மையத்தில் கை பழகும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன், படம் திருத்தும் போட்டோஷாப், தமிழ்த் தட்டச்சு என்று சில மாதங்களில் வேகம் வந்துவிடும். ஆனால் அங்கே பெரும்பாலும் அழைப்பிதழும் சுவரொட்டியும்தான் பாடம். தலைப்பு இடத்துக்குள் அடங்கவில்லையா, எழுத்தின் அகலத்தை 80 சதவீதமாக நெரித்துவிடு என்று சொல்லித்தருவார்கள். அப்படி நெரித்தால் ண எது, ன எது என்று வயதானவர்களுக்குக் கண் தடுமாறும். இன்னொன்று, இன்டிசைனில் யூனிகோடு தமிழுக்கு வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற எழுத்து அமைப்பு வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொ, கோ எல்லாம் உடைந்து நிற்கும். மென்பொருளுக்குக் காசு இல்லையென்றால் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இலவசம். 2024இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. வீட்டில் பழக அது போதும்.

இனி டெஸ்க். எனக்கு அங்கே இரண்டாவது வாரம். பேருந்து விபத்துச் செய்தி, மூன்று பத்தி (பக்கத்தின் நெடுக்குப் பிரிவு) அகலம், நான்கு சென்டிமீட்டர் அதிகம். முக்கியமானது மேலே, மற்றது கீழே, வெட்டினால் கீழிருந்து வெட்டு என்று படித்திருந்தேன். அப்படியே கடைசிப் பாராவை எடுத்துவிட்டேன். தலைமை உதவி ஆசிரியர் பிரிண்ட் அவுட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அடிபட்டவங்களை எந்த ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னு அந்தப் பாராவுலதானே இருந்தது? வெளியூர்ல இருக்கிற சொந்தக்காரங்க காலையில பேப்பரைப் பார்த்துட்டுத்தான் கிளம்புவாங்க. அதை எடுத்துட்டு, இரங்கல் அறிக்கையை ஏழு வரி விட்டுவச்சிருக்கியே."

இரங்கல் இரண்டு வரியானது. ஆஸ்பத்திரி விவரம் தனிப் பெட்டியாகப் படத்துக்குக் கீழே போனது. அதற்காகப் படத்தை அரைப் பத்தி குறைத்தோம். வெட்டுவதும் வடிவமைப்பதும் ஒரே வேலை என்று எனக்குப் புரிந்தது அந்த இரவில்தான்.

தலைப்பும் அப்படித்தான். "காலிப் பணியிடங்களை நிரப்ப நடவடிக்கை எடுக்கப்படும் என அமைச்சர் தெரிவித்தார்" என்று செய்தியாளர் தருவார். இரண்டு பத்திக்குள் அது அடங்காது. "காலியிடங்கள் நிரப்பப்படும்: அமைச்சர்" என்றால் எழுத்தை நெரிக்காமலே உட்கார்ந்துவிடும். பத்திக்குள் வரி உடைவதையும் அங்கேதான் கவனிக்கப் பழகினேன். 'பேரு' ஒரு வரியிலும் 'ந்து' அடுத்த வரியிலும் விழுந்தால் உடனே ஒரு சொல்லை மாற்றச் சொல்வார்கள். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது.

டெஸ்க்கிலும் குறை உண்டு. யாருக்கும் உட்கார்ந்து சொல்லித்தர நேரம் இருக்காது, தூக்கம் கெடும், தொடக்கச் சம்பளமும் குறைவு. பெரிய பத்திரிகைகளில் செய்தி திருத்துபவர் ஒருவர், பக்கம் வடிவமைப்பவர் வேறொருவர் என்று பிரிந்திருப்பதால் பாதி வேலைதான் கண்ணில் படும். அதனால் சிறிய நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பதிப்பையே நான் சொல்வேன். அங்கே செய்தியைச் சுருக்கி, தலைப்பு வைத்து, பக்கத்தில் ஏற்றி அனுப்புவது வரை ஒரே ஆள் பார்க்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பவர் பக்கம் போடக் கற்பதற்காக மட்டும் இன்னும் இரண்டு வருடம் கல்லூரிக்குப் போக வேண்டாம். இரண்டு மாதம் மென்பொருள் பழகுங்கள், சட்டப் பகுதியைத் தனியாகப் படியுங்கள், பிறகு டெஸ்க்குக்குப் போங்கள். பள்ளி முடித்த கையோடு வருகிறவருக்குக் கல்லூரிதான் சரி. விடுமுறையில் மட்டும் டெஸ்க்.

இடம் கிடைக்கும் வரை வீட்டில் செய்ய ஒரு பயிற்சி: நேற்றைய நாளிதழில் ஒரு செய்தியை எடுத்துப் பாதியாகச் சுருக்குங்கள். வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்து எட்டுப் பத்தி கோடு போட்டு, அந்தப் பக்கத்துக்கு உங்கள் டம்மியை, அதாவது எந்தச் செய்தி, எந்தப் படம் எங்கே வரும் என்று காட்டும் மாதிரியை, வரையுங்கள். அச்சான பக்கத்தை அதற்குப் பிறகு விரித்துப் பாருங்கள்.