பெண்டாக்ஸ் கேமராவா, சோனி கேமராவா?

புதுப்புது லென்ஸ்தான் வேண்டும் என்றால் சோனி பக்கம் போய்விடுங்கள். 2010-இல் வந்த அதன் ஈ மவுண்டுக்கு (லென்ஸை கேமராவில் மாட்டும் வாய்) சிக்மா, டாம்ரான் எல்லாம் போட்டி போட்டு லென்ஸ் தருகின்றன. பெண்டாக்ஸில் ஒன்று வருவதற்குள் கண் பூத்துவிடும். 2021-இல் வந்த 31, 43, 77 மி.மீ. லிமிடெட் லென்ஸ்களில்கூட முக்கியமாகப் புதிது கண்ணாடிமேல் பூசும் கோட்டிங்தான். கண்ணாடி அமைப்பு பழையதே.

ஆனாலும் நான் மாறவில்லை. அந்த 43-இன் உலோக உடலைக் கையில் ஏந்தி, ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் வளையத்தைச் சொடுக்குச் சொடுக்காகத் திருப்பிப் பாருங்கள், புரியும். பெண்டாக்ஸில் 1975-இல் பிறந்த கே மவுண்ட்தான் இன்றும். அப்பா காலத்து 50 மி.மீ. லென்ஸை பெண்டாக்ஸின் கே-3 மார்க் 3 கேமராவில் மாட்டி, குவியத் தூரத்தை (அந்த 50-ஐ) பதிந்துவிட்டால், கேமராவுக்குள் இருக்கும் கை நடுக்கத் தடுப்பு அதற்கும் வேலை செய்யும். அப்புறம் கேமராவின் பச்சைப் பொத்தானை ஒரு தட்டு, வெளிச்சமும் அளந்தாயிற்று.

ஓடும் குழந்தையைத் துரத்திப் படமெடுக்க மட்டும் சோனியின் ஆட்டோஃபோகஸ்தான் சரி.