கிரெஸ்ஸி லியனார்டோ டைவ் கம்ப்யூட்டரும் மற்ற டைவிங் சாமான்களும்: வேலூரிலிருந்து வாங்குவோருக்கு

வேலூர்ப் பக்கத்திலிருந்து ஸ்கூபா சாமான் வாங்க நினைக்கிறவர்கள் பிராண்டைப் பற்றி யோசிக்கும் முன் எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நமக்குக் கிட்ட இருப்பது புதுச்சேரியும் சென்னை கோவளமும், கொஞ்சம் காசு சேர்ந்தால் கர்நாடகத்து முருதேஸ்வரம் போய் நேத்ராணி தீவு, அப்புறம் அந்தமான். எல்லாமே வெதுவெதுப்பான கடல்தான், ஆனால் தெளிவில் பெரிய வித்தியாசம் உண்டு. அந்தமானில் படகிலிருந்தே பவளம் தெரியும் இடங்கள் இருக்கின்றன, புதுச்சேரியில் மழைக்குப் பிறகு, உடன் வருகிறவரின் ஃபின்னே (காலில் மாட்டும் துடுப்பு) கண்ணுக்குத் தெரியாத நாளும் வரும்.

முதலில் சொந்தமாக வாங்க வேண்டியது மாஸ்க். விலை பார்த்து வாங்காதீர்கள், முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுத்தால் கையை எடுத்த பிறகும் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணாடியில் 'டெம்பர்டு' என்று பொறித்திருக்க வேண்டும். ஆன்லைனில் ஒருவர் எனக்கு அனுப்பியது வெறும் பிளாஸ்டிக், அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். மீசை வைத்திருப்பவர்கள் மூக்குக்கு அடியில் மெல்லிய ஒரு கோடு மழித்துக்கொண்டால் கசிவு பெரும்பாலும் நின்றுவிடும். புது மாஸ்க்கின் உள்பக்கத்தை டூத்பேஸ்ட் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் போனால்தான் பனி படியாமல் இருக்கும்.

வெட்சூட்டுக்கு, அதாவது உடம்போடு ஒட்டும் நியோப்ரீன் ரப்பர் உடைக்கு, நம் கடலில் 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். 7 மில்லிமீட்டரெல்லாம் குளிர்நாட்டுக்காரர்களுக்கானது, இங்கே படகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலே வெந்துபோவோம். அதற்காக வெறும் டி-ஷர்ட்டோடு இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும், 28 டிகிரித் தண்ணீரில்கூட இரண்டாவது டைவில் நடுக்கம் வரும். ஜெல்லிமீன் கொட்டாமலும் சூட் காப்பாற்றும்.

இதோடு சேர்ந்ததுதான் வெயிட் கணக்கு, அதாவது மூழ்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி எவ்வளவு என்பது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி. அதனால் நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்தபோது சரியாக இருந்த ஈயக்கட்டி கடலில் போதாது, ஆளும் சாமானும் சேர்ந்து 90 கிலோ என்றால் 2 கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். அலுமினிய சிலிண்டர் காற்று தீரத் தீர மேலே தூக்கும் என்பதையும் நினைவில் வைத்து, டைவ் முடிவில் சிலிண்டரில் 50 பார் காற்றழுத்தம் இருக்கும்போது 5 மீட்டரில் நிலையாக நிற்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

கலங்கல் தண்ணீருக்கு மஞ்சள் ஃபின், கூடவே ஒளி குறுகலாகப் போகும் டார்ச். அகலமாகப் பரவும் வெளிச்சம் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசும், மூடுபனியில் ஹை பீம் போட்ட மாதிரி. நீரோட்டம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் விறைப்பான ஃபின் நல்லது, மேலே வரும்போது படகுக்குத் தெரிய ஊதிவிடும் ஆரஞ்சு மிதவையும் அவசியம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்போது டைவ் கம்ப்யூட்டர், அதாவது ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும், கையில் கட்டும் கருவி. நான் கட்டுவது கிரெஸ்ஸி லியனார்டோ. ஒரே பட்டன், பெரிய எழுத்து, கலங்கலிலும் ஆழத்தையும் அங்கே இருக்கக்கூடிய மிச்ச நேரத்தையும் தடுமாறாமல் படிக்க முடிகிறது. பேட்டரியை நாமே மாற்றலாம், சாதாரண சிஆர்2430தான். குறை என்றால் அதே ஒரு பட்டன்தான்: மெனுவில் ஒரு படி தாண்டிவிட்டால் மறுபடி முழுச் சுற்றும் சுற்றி வர வேண்டும். திசைகாட்டி கிடையாது, தனியாக வாங்க வேண்டும். முதல் கம்ப்யூட்டராக வாங்க நினைப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. டைவ் முடிந்ததும் கம்ப்யூட்டர் திரையில் வரும் 'பறக்காதே' அடையாளம் விமானத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலூர் கடல்மட்டத்திலிருந்து 220 மீட்டர் அளவில்தான் இருக்கிறது, புதுச்சேரியில் டைவ் முடித்துத் திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வழியாக வீடு திரும்புவதில் பிரச்சினை இல்லை. அதே நாள் சாயங்காலம் அப்படியே ஏலகிரி ஏறினால் 1,000 மீட்டருக்கு மேல் போய்விடுவீர்கள். டைவில் சுவாசித்த காற்றிலிருந்து உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு விமானமா கொண்டை ஊசி வளைவா என்று தெரியாது, அழுத்தம் குறைந்தால் குமிழியாக வெளிவரும். ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று விமானப் பயணத்துக்கு டான் (டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்) என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறதே, அதை மலைக்கும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடல், மாலையில் மலை என்று திட்டம் போடும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனால் ஒரு தொல்லையும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. நம் போர்வெல் தண்ணீரில் கழுவினால் வெள்ளையாக உப்புப் படிந்துவிடும், குடிக்கிற தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். மொட்டை மாடியில் காயப்போடவே கூடாது. அக்னி நட்சத்திர வெயிலில் நியோப்ரீன் விறைத்து வெடித்துவிடும், பூட்டிய காருக்குள் விட்டால் இன்னும் மோசம். மின்விசிறிக் காற்றில் நிழலில் காயட்டும்.

ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கும் கருவி) பிசிடியும் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) வாடகைக்குப் போதும். வருடத்துக்கு ஒரு சர்வீஸ் வேண்டும், எடுத்துப் போகவும் பாரம், எப்போதாவது டைவ் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது. வாங்கியே தீருவேன் என்றால் தண்ணீர் உள்ளே புகாதபடி சீல் செய்த டயாஃப்ரம் வகை ரெகுலேட்டரைப் பாருங்கள். அது 10 டிகிரிக்குக் கீழே உறையாமல் இருக்கச் செய்யப்பட்டதுதான், ஆனாலும் புதுச்சேரிச் சேறும் மணலும் உள்ளே போகாமல் தடுக்கும் என்பதால் நமக்கும் பயன்படும்.