நாய்க்கும் பெயர் எழுதிய கல்: வேலூரில் மாணவர்களுக்கான ஒரு வரலாற்றுப் பயிலரங்கு

கடந்த ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குடியாத்தம் பக்கத்திலுள்ள எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 41 பேரை, வேலூருக்கு அருகில் ஒரு சிறிய தனியார் அருங்காட்சியகம் பள்ளிக் குழுக்களுக்கென்று நடத்தும் ஒருநாள் வரலாற்றுப் பயிலரங்குக்கு அழைத்துச் சென்றேன். தலைக்கு 150 ரூபாய் கட்டணம். உடன் வரும் ஆசிரியர்களுக்குக் கட்டணமில்லை. வண்டியும் மதியச் சாப்பாடும் நம் பொறுப்பு. குறைகளையும் எழுத இருப்பதால் அருங்காட்சியகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதுபோன்ற பயிலரங்கு எதற்குப் போனாலும் என்னென்ன பார்க்க வேண்டும் என்பது சக ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அழைத்துச் செல்லலாம் என்பதே என் முடிவு. ஆனால் அந்த நாளின் ஒன்றரை மணி நேரம்தான் நாங்கள் கொடுத்த பணத்துக்கு ஈடானது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஒன்றரை மணி நேரம், கல்வெட்டை மைப்படி எடுக்கும், அதாவது எழுத்துகளைத் தாளில் மையால் ஒற்றியெடுக்கும் பயிற்சி. பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெரும் செல்வம் என்று நான் நினைப்பது வேலூர்க் கோட்டையை அல்ல, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் செங்கம் பகுதி நடுகற்களைத்தான். ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் அவை. அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்புடையது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமை மந்தையைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட அந்தக் கல்லில், அவனுக்குப் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. ‘கோவிவன்’ என்னும் அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் தனியாக ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். பயிலரங்கில் அந்த நாய் வரியை மட்டும் சிமெண்டில் நகலெடுத்து ஆறு பலகைகளாக வைத்திருந்தார்கள். மூலக்கல்லைப் பிள்ளைகள் கையில் விடாமல் நகலைக் கொடுத்தது சரியான செயல்.

இதில் எனக்குப் பிடித்தது, நாய் என்ற சொல்லையே அவர்கள் முதலில் வாயில் எடுக்கவில்லை என்பதுதான். பலகையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, நனைத்த மாப்லித்தோ தாளை அதன்மேல் விரித்து, பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, ஈரம் பாதி உலர்ந்ததும் துணிப் பொதியில் மையைத் தொட்டு ஒற்ற வேண்டும். மை மேட்டில் மட்டும் ஒட்டும். கறுத்த தாளில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து நிற்கும். முதல் குழுவில் ஒரு பையன் ஆர்வக்கோளாறில் ஓங்கி அடித்ததில் தாள் நடுவில் கிழிந்தது. பயிற்றுநர் அவனைத் திட்டாமல், கிழிந்த தாளையே கொடியில் தொங்கவிட்டு, “களத்திலும் இப்படித்தான் கிழியும், அடுத்த தாளை எடு” என்றார். பிறகு அக்காலத் தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தின் அட்டவணை ஒன்றைக் கொடுத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். இருபது நிமிடம் கழித்து ஒரு மூலையிலிருந்து “நாய் சார், நாய்!” என்று ஒரு கத்தல் கேட்டது. நாயின் பெயரை எழுத்துக்கூட்டுவதற்கு இன்னும் பத்து நிமிடம் ஆயிற்று. பாடப்புத்தகத்தில் பல்லவர் என்ற தலைப்பைத் திறந்தாலே கொட்டாவி விடும் பிள்ளைகள், ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்கு வைத்த பெயரைத் தாமே படித்துவிட்ட பெருமையோடு நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்லுக்கு வேலூரில் என்ன வேலை என்று ஒரு மாணவி கேட்டாள். 1989 வரை இரண்டும் ஒரே வட ஆற்காடு மாவட்டம் என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. சுவரில் தொங்கிய வரைபடமோ 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிவதற்கு முந்தைய வேலூர் மாவட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மாவட்ட எல்லைகள் எப்படி மாறிவந்தன என்று காட்டுவதற்கு அதையே பயன்படுத்தியிருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை.

அகழாய்வுப் பெட்டி இரண்டாவது நல்ல பகுதி. மரப்பெட்டியில் மண்ணை நிறம்மாற்றி மூன்று அடுக்குகளாக நிரப்பி, கீழே கையால் வனைந்த சாம்பல்நிறப் பானையின் ஓடுகளையும், அதற்கு மேலே கறுப்பு-சிவப்பு ஓடுகளையும், மேலாக இக்காலப் பொருள்களையும் புதைத்திருந்தார்கள். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில் புதிய கற்காலத்துக்கு மேலே பெருங்கற்காலம் என்ற அடுக்குவரிசை தெரியவந்ததையும், அங்கே கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கரண்டியைக் கொடுத்தார்கள். அடி அடுக்கில் ஒரு சோடா மூடி கிடைத்தபோது, ஏமாற்று வேலை என்று எங்கள் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பயிற்றுநர், மூடிக்குப் பக்கத்து மண் வேறு நிறத்தில் சரிந்திருப்பதைக் காட்டினார். அது எலிவளை, மேலிருந்த பொருள் அதன் வழியே கீழே இறங்கியிருக்கிறது. கறுப்பு-சிவப்புப் பானை ஏன் உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கிறது என்பதற்கு, கவிழ்த்துச் சுட்டதால் உட்புறத்துக்குக் காற்று போகவில்லை என்ற விளக்கமும் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிட்டது.

படி, உழக்கு, ஆழாக்கு கொண்டு தானியம் அளக்கும் பகுதி எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதோடு முடிந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் இன்னும் படி இருக்கிறது. அவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை.

பிற்பகல் நிகழ்ச்சியாக, ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்த வேலூர்ப் புரட்சியை நடித்துக் காட்டுவதாக அறிவித்திருந்தார்கள். என் மனக்குறை முழுவதும் இதில்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பாடத்தில் இது வருவதால், பிள்ளைகள் ஓரளவு தெரிந்துதான் வந்திருந்தார்கள். காதணி கூடாது, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் இலச்சினை வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணைகள்; 1806 மே மாதமே அதை மறுத்த இருவருக்குத் தலா 900 கசையடி; கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள்; ஜூலை 10 விடியுமுன் தொடங்கிய எழுச்சி; ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்துவந்து அன்றே கோட்டையை மீட்ட ஆங்கிலேயத் தளபதி ஜில்லெஸ்பி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து மரக்கத்தி கொடுத்து முப்பது நிமிடம் கத்தவிட்டதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. கூலிக்குச் சேவகம் செய்த சிப்பாய் ஒருவன் எந்த இடத்தில் இனி முடியாது என்று முடிவெடுத்திருப்பான் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

அதற்கிடையில், தலைப்பாகையின் நகல் ஒன்றைக் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தார்கள். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் மாணவி ஒருத்தி அந்த இலச்சினையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது தோலே இல்ல சார், ரெக்சின். எங்கப்பா தோல் கம்பெனியில வேலை செய்யறாரு” என்றாள். தொடர்ந்து, “அவங்க வெச்சது எந்தத் தோல் சார், மாடா, பன்றியா?” என்று கேட்டாள். அந்தக் கலவரத்தின் மையமே அந்தக் கேள்விதான். அது பசுவின் தோலோ பன்றியின் தோலோ என்ற அச்சம்தான் இரு சமயத்துச் சிப்பாய்களையும் ஒன்றாகக் கொதிக்க வைத்தது. தோல் தொழிலை நம்பி வாழும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்துப் பிள்ளை ஒருத்தி அதைக் கேட்டதைவிட நல்ல தொடக்கம் எந்தப் பயிற்றுநருக்கும் வாய்க்காது. அவர் சிரித்துவிட்டு, “நல்லா கண்டுபிடிச்சிட்டியே” என்று சொல்லி அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். காலையில் எலிவளையை விளக்கியவர் வேறு, இவர் வேறு. இந்த வேறுபாட்டைப் பதிவு செய்யும்போதே விசாரித்துக்கொள்வது நல்லது.

மாலையில் கோட்டையைச் சுற்றிக்காட்டியது சுருக்கமாக இருந்தாலும் பழுதில்லை. ‘சாமியில்லாத கோயில்’ என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய பேச்சை எடுத்து, ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இல்தான் மீண்டும் லிங்கம் வைத்து வழிபாடு தொடங்கியது என்று சொன்னதும், தம் தாத்தா காலத்தில் நடந்ததா என்று பிள்ளைகள் வியந்தார்கள்.

ஏற்பாட்டுக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவுக்கு 40 பேர் என்று தொலைபேசியில் உறுதியளித்துவிட்டு, அதே நாளில் இன்னொரு பள்ளியையும் வரச்சொல்லியிருந்தார்கள். ஆறு பலகைகளுக்கு முன்னால் எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரிசையில் நின்றதால், கடைசிக் குழுவுக்கு மை ஒற்றும் நேரமே கிடைக்கவில்லை. பயிற்சித்தாள் ஆங்கிலத்தில் தயாரித்துப் பிறகு தமிழாக்கியது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. ‘உங்கள் கண்டறிதலைச் சூழமைவில் வைக்கவும்’ என்பதற்கு என்ன எழுதுவது என்று எனக்கே விளங்கவில்லை. ‘இந்த ஓடு எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடைத்தது?’ என்று கேட்டிருந்தால் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். கழிப்பறைத் தொட்டியில் பிற்பகலில் தண்ணீர் இல்லை.

இன்னொரு குறை காலாண்டு விடுமுறை முடிந்த பிறகுதான் தெரியவந்தது. செங்கம் பக்கத்தில் ஆயா வீட்டுக்குப் போன எங்கள் மாணவன் ஒருவன், அங்கே வேடியப்பன் என்று கும்பிடும் கல்லும் நடுகல்தான் என்று கண்டுகொண்டு, மாமன் மகனோடு சேர்ந்து செய்தித்தாளும் ஷூ பாலிஷும் எடுத்துக்கொண்டு போய் மைப்படி எடுக்க முயன்றிருக்கிறான். மஞ்சளும் எண்ணெயும் பூசிய கல்லில் தாள் ஒட்டவில்லை. பூசாரி கையும் களவுமாகப் பிடித்துத் திட்டி அனுப்பியிருக்கிறார். அவன் கல்லைக் கண்டுகொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மூலக்கல்லின்மேல் அனுமதியின்றி மை படவே கூடாது, ஊர் வழிபாட்டில் உள்ள கல்லைக் கேட்காமல் தொடக்கூடாது என்ற இரண்டு வரிகளைப் பயிலரங்கில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமைப்பாளர்களிடம் இதைத் தெரிவித்தபோது, அடுத்த குழுவிலிருந்து சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஜனவரியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பதிவு செய்திருக்கிறேன்; அன்று வேறு பள்ளி வரக்கூடாது என்றும், நாடகத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தையும் கல்வெட்டுக்கே கொடுக்க வேண்டும் என்றும் இம்முறை எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன்.