அம்பாசடருக்கு கேஸ் கிட் போட்டு ஏமாந்தேன்: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கோவையில் ஒரு கடையில் என் அம்பாசடருக்கு எல்.பி.ஜி. கிட் போட்டேன். கிட்டுக்கு 42,000 ரூபாய், ஆர்.சி.யில் ஏற்றித் தருவதாகச் சொல்லித் தனியாக 6,000. பணம் போனதைக்கூட விடுங்கள். சோதனைக்காலம் முடிந்து பல வருடமான ஒரு டேங்கை டிக்கியில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் மனைவியையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் தூக்கம் கலைகிறது. வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வண்டி அப்பா வாங்கியது. மார்க் 2, 1973 பதிவு, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அப்பா போன பிறகு அதை நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வாரத்தில் நாலு நாள் அதில்தான் வேலைக்குப் போய் வந்தேன். லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி. பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு ஒரு நாள் போய்வர எண்ணூறு ரூபாய்க்கு மேல் ஆனது. கட்டுப்படியாகவில்லை, சரி, கேஸ் போடலாம் என்று முடிவெடுத்தேன்.

கடைக்காரர் விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. "சார், இனி பங்க்ல வர்றதெல்லாம் இ20. இருபது சதவீதம் எத்தனால். உங்க வண்டி ரப்பர் எல்லாம் ஊறிப்போயிரும். கேஸ் போட்டுட்டா அந்தக் கவலையே இல்ல" என்றார். இதில் பாதி உண்மை. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும், வண்டியின் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் கெடுக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். ஆனால் மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. கார்பரேட்டர் வண்டியில் கேஸ் போட்டாலும் காலையில் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டேங்கிலிருந்து வரும் திரவ கேஸின் அழுத்தத்தைக் குறைத்து ஆவியாக்கும் கருவிதான் ரெடியூசர். ரேடியேட்டர் தண்ணீர் சூடானால்தான் அதற்குள் கேஸ் ஆவியாகும். இல்லாவிட்டால் ரெடியூசர் உறைந்துவிடும். ஆக, அதே எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கில் இருக்கத்தான் செய்யும். பெட்ரோல் கொஞ்சமாகவே செலவாவதால் வாரக்கணக்கில் அப்படியே கிடந்து இன்னும் ஈரத்தை இழுக்கும். உண்மையான தீர்வு எத்தனாலைத் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் மாற்றுவதுதான். கேஸ் கிட்டோடு ஒப்பிட்டால் அது மிகச் சின்னச் செலவு. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. அவர் பயமுறுத்தினார், நான் பயந்தேன்.

காலையில் விட்டு மாலையில் எடுத்தேன். 60 லிட்டர் டேங்க், பளபளவென்று சாம்பல் பெயிண்ட். முதல் சில மாதம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மூடி நிறுத்தி வைத்தால் மறுநாள் லேசாக கேஸ் வாடை வரும். "புதுசுல அப்படித்தான் சார், போயிரும்" என்றார்கள். நானும் நம்பிக் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டுப் போனேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது நானல்ல, கேஸ் பங்க்கில் வேலை பார்க்கும் ஒரு பையன். வழக்கமாகப் பாதி டேங்க்தான் போடுவேன். அன்று கிட்டத்தட்டக் காலியாக இருந்ததால் முழுக்க நிரப்பச் சொன்னேன். மீட்டர் 48ஐத் தாண்டியது, 50 ஆனது, 53 ஆனது. அவனே கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பினான். "அண்ணா, இது எத்தனை லிட்டர் டேங்குங்ணா?" அறுபது என்றேன். அவன் முகம் மாறியது. "அறுபதுக்கு நாப்பத்தெட்டோட தானா நிக்கணும்ங்ணா. இது ஏறிட்டே இருக்குது."

எல்.பி.ஜி. டேங்கை எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. வெயிலில் திரவம் விரியும், அதற்கு மேலே காலியிடம் வேண்டும். அதற்காகவே டேங்கின் வாயில் இருக்கும் மல்டிவால்வ் எண்பதில் தானாக அடைத்துக்கொள்ள வேண்டும். என் டேங்கில் அது வேலையே செய்யவில்லை. பங்க்கை விட்டுத் தள்ளி, மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டு டிக்கியைத் திறந்தேன். அந்தப் பையனும் கூட வந்தான்.

டேங்கில் ஒரு சின்னத் தகடு பற்றவைத்திருப்பார்கள். தயாரிப்பாளர், வரிசை எண், கொள்ளளவு, சோதனை செய்த மாதமும் வருடமும் அதில் அடித்திருக்கும். என் டேங்கின் தகட்டில் பெயிண்ட் அவ்வளவு தடிமனாக இருந்தது, எழுத்தே தெரியவில்லை. ஐந்து ரூபாய் நாணயத்தால் சுரண்டினேன். சாம்பலுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே கறுப்பு. மூன்று பெயிண்ட். அதற்கும் கீழே 2009. எல்.பி.ஜி. டேங்கை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுசோதனை செய்து தேதி அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு தேதியும் இல்லை. கடை கொடுத்த சான்றிதழில் இருந்த வரிசை எண் வேறு, தகட்டில் இருந்த எண் வேறு. புது டேங்க் என்று எனக்கு விற்றது, எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய பழைய டேங்க்.

வாடைக்குக் காரணமும் அங்கேயே தெரிந்தது. டிக்கிக்குள் டேங்க் வைத்தால் வால்வைச் சுற்றிக் காற்றுப் புகாத ஒரு பெட்டி போட்டு, அதிலிருந்து குழாய் வழியாக வண்டிக்கு வெளியே வழி விட வேண்டும். கசிந்தாலும் கேஸ் உள்ளே தங்காது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தேங்கும். என் வண்டியில் பெட்டியும் இல்லை, குழாயும் இல்லை. கேஸ் பைப்பை சைலன்ஸர் குழாயோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள்.

அன்று இரவு, வாகனப் பதிவு விவரம் பார்க்கும் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். எரிபொருள்: பெட்ரோல். 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு விண்ணப்பமே போடவில்லை. எரிபொருளை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். கிட்டுக்காகக் கட்டும் கூடுதல் பிரீமியம் சொற்பம்தான். அது இல்லாமல் தீப்பிடித்திருந்தால் கம்பெனி ஒரு பைசா தராது என்று ஏஜென்ட் முகத்துக்கு நேரே சொன்னார்.

இத்தோடு முடியவில்லை. அதற்குள் இன்ஜின் இழுவை குறைந்து, ஐடிலில் குலுங்க ஆரம்பித்திருந்தது. அப்பா காலத்திலிருந்து வண்டியைப் பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று கம்ப்ரஷன் பார்த்தார். ஒன்றிலும் நான்கிலும் 120, இரண்டில் 85, மூன்றில் 70. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்து, நடு இரண்டு எக்ஸாஸ்ட் வால்வைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மற்ற வால்வுகள் விரலில் தட்டுப்பட்டன. இவை இரண்டும் குழிக்குள் இறங்கியிருந்தன. மூன்றாவதின் ஓரம் எரிந்து, நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்.

"தம்பி, இது வார்ப்பிரும்பு ஹெட்டு. சீட்டுன்னு தனியா வளையம் கிடையாது, ஹெட்லயே கடைஞ்சிருப்பான். அந்தக் காலத்துப் பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சு, அதுதான் சீட்டைக் காப்பாத்துச்சு. கேஸ் வறட்டு நெருப்பு. ரெண்டும் மூணும் ஒரே எக்ஸாஸ்ட் வழி, சூடு அங்கதான் ஜாஸ்தி" என்றார். வால்வ் உட்கார்ந்து மூடும் இடம்தான் சீட். அது தேயத் தேய வால்வ் உள்ளே இறங்கும், வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி குறைந்துகொண்டே போகும். கடைசியில் வால்வ் முழுசாக மூடாமல் எரியும். ஈயப் பெட்ரோல் நம் நாட்டில் 2000இல் நின்றது. அதன் பிறகும் பெட்ரோலில் தாக்குப்பிடித்த ஹெட், கேஸில் ஆறாயிரம் கிலோமீட்டரில் போய்விட்டது. இந்த இன்ஜினுக்கு கேஸ் போடும் முன் லேத்தில் கொடுத்துக் கடினமான சீட் வளையம் இறக்க வேண்டும், ஸ்பார்க் டைமிங்கும் கேஸுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். கடைக்காரர் இரண்டையும் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று சொல்லவும் இல்லை. அதில் 19,000 ரூபாய் செலவு.

கேட்கப் போனபோது, "நாலு மாசம்தான் சார் கேரண்டி. டேங்கை நீங்க வெளியில மாத்தியிருக்கலாமே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வைத்தது. ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், சான்றிதழ், சுரண்டிய தகட்டின் போட்டோ எல்லாம் கொடுத்திருக்கிறேன். பில்லில் டேங்கின் வரிசை எண்ணை எழுதி வாங்காததுதான் என் பக்கத்துப் பலவீனம். நீங்கள் பணம் கொடுக்கும் முன் தகட்டை நீங்களே படித்து, அந்த எண்ணை பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கிட்டின் ஒப்புதல் சான்றையும் கேளுங்கள். ஆர்.சி. வேலைக்கான பணத்தை, தளத்தில் மாற்றம் தெரிந்த பிறகு மட்டும் கொடுங்கள்.

எனக்கு ஆறாத இடம் இன்னொன்று. ஐம்பது வருடத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு தரும் விதி 2021இல் வந்தது. வி.ஏ. என்று தனி வரிசை எண், கட்டணம் 20,000. தினசரி ஓட்ட முடியாது, ஆனால் அப்பாவின் வண்டிக்கு அந்த எண் வாங்கிவிட வேண்டும், ஓய்வு பெற்றதும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. இன்ஜினிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டேன், "நாலு போல்ட் கழட்டினா பழையபடி ஆயிரும் சார்" என்றார். டேங்கைக் கழற்றியபோது பார்த்தால், டிக்கி தரையை ஓர் அடி நீளத்துக்கு கட்டிங் மெஷினில் அறுத்து, இரும்புப் பட்டையை வெல்டிங் செய்திருந்தார்கள். அம்பாசடருக்குத் தனி சேஸி கிடையாது. அந்தத் தரையும் பாடியும் ஒன்றுதான்.

இப்போது வண்டி புது ஹோஸோடு பெட்ரோலில் ஓடுகிறது. கேஸ் எடுத்த டேங்க், ஆணையத்தில் காட்டுவதற்காக மாடியில் திறந்தவெளியில் கிடக்கிறது. வழக்கு முடியும் வரை டிக்கி ஓட்டையை அடைக்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதன் மேல் ஒரு ரப்பர் ஷீட்டை விரித்து வைத்திருக்கிறேன்.